வகிடு தெரிகிற தரை

செங்கல்பட்டு ஜில்லாவில் ஓவர்சியர் வெங்கடராகவனை வழுக்கி விழச் செய்யும் தரை இதுவரை பூசப்படவில்லை. இனிமேலும் பூசப்படப் போவதில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் நடந்து பார்த்த சர்க்கார் தரைகளையெல்லாம் சேர்த்து விரித்தால் பாதிக் கடலை மூடிவிடலாம் என்பது அவருடைய மதிப்பீடு.

அவருடைய சோதனை எளிமையானது. குனிந்து பார்ப்பார். தரையில் தன் தலைவகிடு தெரிந்தால் பாஸ். பூட்ஸ் காலோடு நாலு எட்டு நடப்பார். கையெழுத்துப் போடுவார்.

அன்று காலையில் கருங்குழியில் ஒரு பள்ளிக்கூடம், படாளத்தில் ஒரு கிடங்கு. பஸ் மாறி மாறி, சர்க்கார் அதிகாரிகள் வந்து தங்கும் மகாபலிபுரம் முசாபரி பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வழுக்கினாலும் பரவாயில்லை, எந்தத் தரையிலாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மேஸ்திரி காசிநாதன் புதுச் சிவப்புச் சிமெண்டுத் தரையைத் தேங்காயெண்ணெய் விட்டுக் கூழாங்கல்லால் ஒரு வாரம் தேய்த்து வைத்திருந்தான்.

“சலூன் கண்ணாடி தோத்துப் பூடும் சார்!”

ஓவர்சியர் குனிந்தார். வகிடு தெரிந்தது. இருபுறமும் முடி குறைந்திருப்பதும் தெரிந்தது. அதற்கு மேஸ்திரி பொறுப்பல்ல.

பங்களாவுக்குத் தண்ணீர் எடுக்கும் எல்லம்மாள் இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, கால்விரல்களை அகல விரித்து, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்தாள்.

“ஏம்மா, நண்டு மாதிரி ஊர்றே? கடல் அந்தண்டைன்னா இருக்கு!”

“ரெண்டு தபா வுழுந்துட்டேன் சார். இடுப்புல வீக்கம் இன்னும் கீது. மூணாந்தபா வுழுந்தா எய்ந்திருக்க மாட்டேன். தெனம் இருவது கொடம் தூக்கணும். சொரசொரப்பா கொத்திவுடச் சொல்லி எய்துங்க சார்.”

“கண்ணாடிய எவனாச்சும் கொத்துவானா?” என்று பதறினான் காசிநாதன்.

“ஈரத்துல நடந்து பாருங்க சார்” என்றாள் எல்லம்மாள்.

“ஈரத்துல கப்பல்தான் போகும். நான் பார்க்காத தரையா?”

மேஸ்திரி சோடா வாங்க ஓடினான். கையெழுத்துக்கான காகிதம் கூடத்தின் கோடியில் மேஜைமேல் காத்திருந்தது. ஆனால் பூட்ஸுக்குள் வழிநெடுகப் புகுந்த மணலில் பாதம் எரிந்தது. கொல்லைப்பக்கம் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது. ஈரக்காலோடு உள்ளே வந்தார்.

முதல் அடியில் வலது கால் கடலைப் பார்த்தும் இடது கால் செங்கல்பட்டைப் பார்த்தும் புறப்பட்டன. கதவைக் கட்டிக்கொண்டதால் அவர் விழவில்லை. ஆகவே அவருடைய சாதனைக்குப் பங்கமில்லை.

எல்லம்மாள் குடத்தை இறக்கினாள். சிரிக்கவில்லை. சிரிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

வெங்கடராகவன் சுவரோடு சுவராக மேஜைக்குப் போனார். ‘தரை முழுவதும் கொத்திவிட்டு மறுபடி காட்டவும்’ என்று எழுதினார். பூட்ஸ் கொல்லையிலேயே கிடந்தது. திரும்பவும் சுவரைப் பிடித்தார், கால்விரல்களை விரித்தார்.

பாதி வழியில், அடுத்த குடத்தோடு எல்லம்மாள் அதே சுவரைப் பிடித்து எதிரே வந்தாள்.

அவர் வந்த வழியே பக்கவாட்டில் பின்னுக்கு நகர்ந்தார்.