பத்துக்கு ஆறு

அந்த மருத்துவமனையின் மாடி வார்டில், படுத்திருப்பவரின் வலிக்குத் தகுந்தாற்போலக் கட்டில் தரைக்குள் இறங்கும். சாதாரண முதுகுவலி என்றால் கால்கள் மட்டும் புதையும். எலும்பு முறிந்தவர் என்றால் மெத்தை தரையோடு தரையாகிவிடும். தரைதான் சரியில்லை என்று கொத்தனாரை வைத்துப் புதிதாகப் போட்டார்கள். புதுத் தரையிலும் இறங்கியது. அதோடு விட்டுவிட்டு, செவிலியர்களுக்கு முட்டிவலித் தைலம் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லோரையும்விட அதிகம் குனிய வேண்டியிருந்தது நெட்டை சிஸ்டருக்குத்தான். உரலுக்குள் தலையை விட்டாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளை அங்கே ஓட்டிவிட்டாள்.

ஆனால் மருந்துக்குக் கட்டில் கணக்கில்லை. பேசக்கூடியவரிடம் கேட்க வேண்டும்: வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து, இப்போது எவ்வளவு? அவர் சொல்வதுதான் வலி. ஏழும் அதற்கு மேலும் என்றால் ஊசி, குறைந்தால் மாத்திரை. வலிக்கிறது என்றவரை நடிக்கிறார் என்று சொல்லி அலறவிட்ட காலத்தை ஒழிக்க வந்த விதி அது. நெட்டை சிஸ்டருக்கு அதன்மேல் மரியாதை இருந்தது, கணக்கு வாத்தியார் வந்து சேரும்வரை.

வாத்தியாருக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. படுக்கவைத்ததுமே கட்டில் மெத்தைவரை இறங்கியது. பத்துக்கு எவ்வளவு சார் என்று சிஸ்டர் குனிந்து கேட்க, அவர் கண்ணை மூடி, விடைத்தாள் திருத்துகிறவர்போல யோசித்து, "ஆறு" என்றார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மனைவி சிரித்துவிட்டாள். "பத்துக்குன்னு கேட்டா அவருக்கு மார்க்குதாம்மா. ஆறுக்கு மேல யாருக்கும் போட்டதே இல்ல. என் சமையலுக்கு இன்னிக்கு வரைக்கும் அஞ்சுதான்."

இது மார்க் இல்லை, வலி என்று சிஸ்டர் விளக்கினாள். "எதுவா இருந்தா என்ன? பத்து போட்டுட்டா அதுக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. நாளைக்கு இதைவிடப் பெருசா வந்தா என்ன போடுவே?" என்று கேட்டார் வாத்தியார். பெரிதாகத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு என்றார். சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்ட அட்டையைக் காட்டினால், ஒரு முகத்துக்குக் காது இல்லை என்று குறை சொன்னார். சிஸ்டர் தலைகீழாக நின்று பார்த்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வியர்வையையும் இறுகிய கையையும் சொல்லி டாக்டரை அழைத்து வந்தாள். அவர் கேட்டபோதும் ஆறுதான். மாத்திரையைக் கூட்டிவிட்டு, "கட்டில் சொல்றதைக் கேட்டு ஊசி போட முடியாது சிஸ்டர், அவர் வாயால சொல்லணும்" என்றார் டாக்டர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே ஏழு என்று டாக்டரிடம் சொன்னாள். கீழேயிருந்து குரல் வந்தது: "ஆறு! யார் பேப்பரைப் பார்த்து எழுதினே?"

கட்டில் தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் துணி அடுக்கும் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. சிஸ்டர் மாத்திரையோடு படியிறங்கிப் போய் வந்தாள். மனைவி ஓட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்குப் பேச்சு நின்றது. பேச முடியாதவருக்கு முகத்தையும் உடம்பையும் பார்த்துச் செவிலியே எண் சொல்லலாம். நெட்டை சிஸ்டர் பத்து என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஊசி போட்டார்கள். கட்டில் மெல்ல மேலே ஏறி வந்து தரையில் நின்றது, ஓட்டையும் மூடிக்கொண்டது. வாத்தியாரின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மூச்சும் இல்லை.

அவரை எடுத்துப் போன பிறகு, துணிமணிகளைப் பையில் போட வந்த மனைவி, அந்தக் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்தாள். கட்டில் கால்வரை, மெத்தைவரை என்று நிற்காமல், அவளோடு நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது. சிஸ்டர் ஓட்டையின் ஓரத்தில் மண்டியிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டாள்: "பத்துக்கு எவ்வளவும்மா இருக்கு?"

துணி அடுக்குகளுக்கு நடுவிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லம்மா. ஒரு அஞ்சு இருக்கும்."

ஐந்துக்கு மாத்திரைதான். நெட்டை சிஸ்டர் ஒரு மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.