தகரக் கினிக்கோழி

என் வீட்டுத் தரையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை. சிவப்பு மெழுகு பூசி, முட்டி தேய மண்டியிட்டுத் தேய்த்த சிமெண்டுத் தரை அது. குனிந்து சிரித்தால் பல் தெரியும். எங்கள் முலோங்கா குடியிருப்பில் ஒரு பெண்ணை எடைபோடுவது இதை வைத்துத்தான். பொழுது விடியும்போது முற்றத்தில் விளக்குமாற்றுக் கோடு விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் அவள் சீக்காளி, இல்லையென்றால் சோம்பேறி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. செத்த வீட்டில் அடக்கம் முடியும்வரை எங்கள் பக்கம் விளக்குமாற்றைத் தொடமாட்டார்கள்.

அந்த விளக்குமாற்றைத்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் சிஸ்டர் முத்தின்டா என் கையிலிருந்து பிடுங்கினார்.

எங்கள் தெருக்கோடியில் கறுப்பு மேடு இருக்கிறது. சுரங்கத்தை மூடிவிட்டுப் போன புண்ணியவான்கள், ஈயத்தை எடுத்துக்கொண்டு கழிவை மட்டும் எங்களுக்குச் சீதனமாக விட்டுப் போயிருந்தார்கள். அதிலும் ஈயம் மிச்சம் இருக்கிறதாம். ஏப்ரல் கடைசியில் சுகாதார நிலையத்தில் குழந்தைகளின் விரலில் குத்தி, இரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். என் மகள் லுபூட்டோவுக்கு நான்கு வயது. அவள் இரத்தத்தில் முப்பத்தெட்டு.

"பனா லுபூட்டோ, நல்லா கேட்டுக்கோங்க," என்றார் சிஸ்டர். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளையின் அம்மா என்பதுதான் பெயர். "நாப்பத்தஞ்சைத் தாண்டுச்சுன்னா பெரியாஸ்பத்திரியில சேர்த்து மாத்திரை குடுக்கணும். மாத்திரை ரத்தத்தைத்தான் கழுவும். மூளைக்குள்ள போனது போனதுதான். பிள்ளைக்கு எண்ண மறந்துடும், பேச்சு குறையும். அதுக்கு மருந்து இல்ல."

"நான் என்ன செய்யணும் சிஸ்டர்?"

"வீட்டுல தூசி பறக்கக் கூடாது. விளக்குமாறு வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால மட்டும் தொடைங்க."

ஈரத்துணி! சொல்லிவிட்டுப் போக அவருக்கென்ன? எங்கள் தெருக்குழாயில் வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர். குடிக்கவா, களி கிண்டவா, குளிக்கவா, தரையைக் குளிப்பாட்டவா? இருந்தும் மூன்று வாரம் துடைத்தேன். ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்பப் பிழிந்ததில் மெழுகு போய், தரை சாம்பல் பூத்துக் கிடந்தது. பார்க்கவே வயிறு எரிந்தது.

எதிர்வீட்டு பனா சால்வே வேலிக்கு வந்து நின்றாள். அவளுக்கு நாக்கு இருக்கும் இடத்தில் கொடுக்கு.

"என்ன பனா லுபூட்டோ, முற்றத்துல கோடே காணோம். உள்ள யாராச்சும் செத்துட்டாங்களா? சொல்லியிருந்தா வந்து அழுதிருப்போமே!"

"நீ வந்து அழுதா செத்தவங்க எழுந்து ஓடிருவாங்க. போ, உன் வேலையப் பாரு."

பதிலுக்குச் சொல்லிவிட்டேன். உள்ளே வந்து நான்தான் அழுதேன். செத்த வீடு என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் கசோன்டே சந்தையில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று நான் அழுததைப் பார்த்தார். மறுநாளிலிருந்து சாக்கில் எதையெதையோ சுமந்துகொண்டு வந்தார்.

அந்தச் சமயத்தில் லுபூட்டோவுக்கு ஒரு கார்ட்டூன் படத்தின் மேல் பைத்தியம். அவர் பழுது பார்த்துத் தந்த டிவியில் ஒரே படத்தைத் தினமும் ஓட்டுவாள். அதில் ஒரு தகரக் கினிக்கோழி, பெயர் காங்கா. ஊர்க் குப்பையையெல்லாம் கொத்தித் தின்று, வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். கினிக்கோழிக்கு எங்கள் பேச்சில் காங்கா என்றுதான் பெயர்.

"ஏன்ப்பா, நம்ம வீட்டுக்குக் காங்கா வராதா?" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வரும். நடந்து வருதில்ல, அதான் லேட்டு," என்றார்.

ஜூன் மாதம் அது வந்தது. பழைய பீங்கான் பூச்சுப் பேசின் ஒன்றைக் கவிழ்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். அடியில் பிரிண்டரிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார், பொம்மைக் காரின் சக்கரம், முன்னால் சுழலும் இரண்டு துணிப் பிரஷ். வயிற்றுக்குள் கம்ப்யூட்டர் காற்றாடி மூன்றை அடுக்கி, என் பழைய நைலான் காலுறையைப் பையாகக் கட்டியிருந்தார். முதுகில் மோட்டார் சைக்கிள் பேட்டரி. அலகு சுவரில் இடித்தால் சுவிட்ச் அமுங்கி, கோழி திரும்பிக்கொள்ளும். குப்பை அலகு வழியாக உள்ளே போய்ப் பையில் சேரும்; காற்று வால் வழியாக வெளியே போகும்.

"சிஸ்டர் விளக்குமாறு எடுக்காதேன்னு தானே சொன்னாங்க?" என்றார் அவர். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "இனிமே நீ எடுக்க வேணாம். யாரும் எடுக்க வேணாம்."

விளக்குமாறு இல்லாமல் கூட்டிய வீடு! சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, மானத்துக்கு மானமும் ஆச்சு. ஈரத்துணியைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் போட்டேன். மெழுகு டப்பாவைத் திறந்தேன். ஒரே வாரத்தில் தரையில் மறுபடி பல் தெரிந்தது. காலுறைப் பையை அவர் வெளியே கொண்டுபோய் அவிழ்த்துக் காட்டும்போதெல்லாம் ஒரு கை மண் இருக்கும். இவ்வளவும் என் மகளின் வயிற்றுக்குப் போயிருக்குமே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். போகவில்லையே என்று ஆறுதலாகவும் இருக்கும்.

தெருவே வந்து பார்த்தது. பனா சால்வேகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"அடியம்மா, இது தரையா கண்ணாடியா? நீ பிறந்த நேரம், இப்படியொரு புருஷன். எனக்கு வாய்ச்சது, உட்கார்ந்த பாயைக்கூடத் தட்டாது."

அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பாராட்டை நான் எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் காலைக் குளிர் எலும்பைக் கடிக்கும். காங்கா ஓட ஓட மோட்டார் சூடேறி, வால் வழியாக வெதுவெதுப்பான காற்று வரும். லுபூட்டோ அதைக் கண்டுபிடித்துவிட்டாள். விடிந்ததும் பாயிலிருந்து உருண்டு வந்து, கோழிக்குப் பின்னாலேயே தவழ்வாள். அது மூலையில் முட்டித் திரும்பும்வரை தரையில் கன்னத்தை வைத்து, வாலுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பாள்.

"காங்கா என்மேல ஊதுது மா," என்பாள்.

முதல் வாரத்திலேயே ஒரு காலை. கிழக்குப் பார்த்த கதவை நான் பாதி திறந்தேன். வெயில் ஒரு பலகை அகலத்துக்கு உள்ளே விழுந்தது. காங்கா அந்த வெயிலைக் கடந்து போனது. அதன் வாலுக்குப் பின்னால், வெயிலுக்குள், புகை மாதிரி ஒன்று மெல்லச் சுழன்று எழுந்தது. அதற்குள் சின்னச் சின்னதாக மினுங்கியது. அந்தப் புகைக்குள் என் மகளின் முகம் இருந்தது.

பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று எந்தச் சாமிமுன்னும் சத்தியம் செய்ய முடியாது.

வெயிலில் பார்த்தால் எந்த வீட்டில்தான் தூசி தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். வெயில் போனதும் தூசியும் போய்விட்டது. அதற்குப் பிறகு காங்கா ஓடும் நேரத்தில் அந்தக் கதவை நான் திறப்பதில்லை. குளிர் உள்ளே வருகிறது என்று காரணம் சொன்னேன்.

ஆகஸ்டில் காற்று அடித்தது. கறுப்பு மேடு எழுந்து நடந்து வந்ததுபோல் தெரு இருண்டது. தகரக் கூரையின் இடுக்கு வழியாக மண் கொட்டியது. காங்கா காலையும் மாலையும் ஓடியது. தரை மட்டும் பளபளத்தது. லுபூட்டோ வயிறு வலிக்கிறது என்று களியைத் தள்ளிவைக்கத் தொடங்கினாள். ஒருநாள் பட்டாணியை வைத்து எண்ணச் சொன்னேன். பத்துவரை எண்ணுகிற பிள்ளை ஆறில் நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல மா," என்றாள்.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது, வீடுதான் சுத்தமாக இருக்கிறதே!

செப்டம்பரில் மறுபடி விரலில் குத்தினார்கள். சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"அறுபத்தொன்னு."

"தப்பா இருக்கும் சிஸ்டர். வேற பிள்ளையோடதா இருக்கும்."

"ரெண்டு தரம் பார்த்தாச்சு. வீட்டுல யாரு கூட்டுறது?"

"யாருமே கூட்டுறதில்ல. சத்தியமா. நீங்க சொன்ன நாள்லேர்ந்து நான் விளக்குமாத்தைத் தொடவே இல்ல."

அது உண்மைதான். அவர் குழம்பிப்போய், ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கியதும் வீட்டுக்கு நேரில் வருவதாகச் சொன்னார்.

கசோன்டே அந்த எண்ணைக் கேட்டதும் காங்காவைக் கவிழ்த்து வயிற்றைத் திறந்து பார்த்தார்.

"காத்தாடி பத்தல," என்றார். "இன்னும் எங்கேயோ தூசி மிஞ்சுது. இழுக்கிற வேகம் பத்தல."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். அவர் அவசரமாகச் சாக்கைத் தேடுவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் சந்தைக்குப் போய் இன்னும் மூன்று காற்றாடி கொண்டுவந்து மாட்டினார். சத்தம் இரண்டு மடங்கானது. வால் காற்றில் லுபூட்டோவின் முடி பறந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். நான்கு நாள் அப்படி ஓடியது.

ஐந்தாம் நாள் சிஸ்டர் வந்தார். ஈரமான வெள்ளைத் துணியால் முதலில் தரையைத் துடைத்தார். துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. கசோன்டே நிமிர்ந்து நின்றார். பிறகு சிஸ்டர் பாய்க்கு மேலே இருந்த சுவரைத் துடைத்தார், கொசுவலையைத் துடைத்தார், பானை மூடியைத் துடைத்தார். மூன்று துணியும் சாம்பல்.

"இதை ஓட விடுங்க," என்றார்.

காங்கா உறுமிக்கொண்டு கிளம்பியது. லுபூட்டோ வழக்கம்போல் பின்னால் ஓடி உட்கார்ந்தாள். சிஸ்டர் அவளைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு, அவள் முகம் இருந்த இடத்தில், வாலுக்கு நேரே, புதிய துணியைப் பிடித்தார். முப்பது எண்ணுவதற்குள் அது கறுத்தது.

"பையில நிறைய மண்ணு சேருதே சிஸ்டர்!" கசோன்டேவின் குரல் உடைந்தது. "நானே கையால எடுத்துக் கொட்டுறேனே!"

"கண்ணுக்குத் தெரியிற மண்ணுதான் பையில நிக்கும். கொல்றது அது இல்ல. மாவு மாதிரி இருக்கிறது காலுறையைத் தாண்டி வந்துடும். விளக்குமாறுன்னா வாசல் பக்கம் தள்ளியிருக்கும். இது பிள்ளை மூஞ்சியில ஊதியிருக்கு." சொன்னபிறகு அவருக்கே பொறுக்கவில்லை. குரல் இறங்கியது. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் போன பிறகு கசோன்டே காங்காவை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஈரத்துணி சுற்றி, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். உடைத்தால் தூசி பறக்குமே என்று, அந்த நேரத்திலும் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். அவர் தோள் குலுங்கியது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என் கையாலேயே செஞ்சேன்," என்றார். "என் கையாலேயே அவளுக்கு ஊட்டியிருக்கேன். கண்ணுக்கே தெரியாததை எவன் பார்ப்பான்? சொல்லு. யாருக்குத் தெரியும்?"

அவர் கேட்டது பதிலுக்காக இல்லை. தலையாட்டிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். அவர் சாகும்வரை அந்தப் பாரத்தைத் தனியாகவே சுமந்திருப்பார். என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

அவர் கையில் சுழன்ற திருப்புளி நின்றது.

"வெயில்ல பார்த்தேன். வாலுக்குப் பின்னால பறந்துச்சு. அவ மூஞ்சியில."

"எப்போ?"

"முதல் வாரத்துல."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"பார்த்துட்டு?" என்று மட்டும் கேட்டார்.

ஆயிரம் பொய் தொண்டைவரை வந்தது. ஆனால் உண்மை ஒன்றுதான் இருந்தது.

"வீடு அழகா இருந்துச்சு," என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். கையை ஈரத்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். உள்ளே போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைக் கடக்கும்போது அவளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, என் கைக்கு எட்டாத பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.