பெயர் கேட்காத ஞாயிறு

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்ட பேருந்தில் ஞானமலரின் பக்கத்து இருக்கை மட்டும் வெறுமையாக இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் அமரவில்லை. அது வெறுப்பினால் அன்று. அமர்ந்தால் என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பங்குக் கோயிலும் பள்ளிவாசலும் சேர்ந்து ஒழுங்கு செய்த பயணம் அது. வயல்களில் கட்டுத்துவக்கு என்னும் பொறித் துப்பாக்கி வைப்பதைத் தடுக்க வேண்டும், அனுமதியில்லாத துவக்குகளை ஒழிக்க வேண்டும் என்று மாவட்டச் செயலகமான கச்சேரியில் அதிகாரியை நேரில் கண்டு கேட்கப் போனார்கள். காட்டுப்பன்றி வரும் தடத்தில் துவக்கை மரத்தோடு பிணைத்து, விசையிலிருந்து ஒரு கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்டுவது அப்பகுதி வழக்கம். இடறுவது பன்றியா மனிதனா என்று கம்பி பார்ப்பதில்லை.

சென்ற நோன்பு மாதத்தில் அவ்வாறு இடறி இறந்தவர் சப்ராஸ். கம்பியைக் கட்டியவர் ஞானமலரின் கணவர் யோசெப். யோசெப் கவனமில்லாதவர் அல்லர். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்த பின்னரே கம்பி கட்டுவார். பக்கத்து வயற்காரரான சப்ராஸ் அந்நேரம் தொழுகைக்குப் போயிருப்பார் என்பது அவருடைய கணக்கு. பல வருடம் தவறாத கணக்கு. விளைந்து நின்ற நெல்லைக் காவல் காப்பதற்காக, பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு போய்ச் சப்ராஸ் வயலிலேயே நோன்பு திறக்கத் தொடங்கியது யோசெப்புக்குத் தெரியாது. இப்போது யோசெப் வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறையில் இருந்தார்.

பாவத்துக்குப் பரிகாரம் தேடியே ஞானமலர் வருவதாக எல்லோரும் எண்ணினார்கள். அவர் வந்த காரணம் வேறு. மாரிக்கு முன் விறகுக் கொட்டிலைத் துப்புரவாக்கியபோது, சாக்கில் சுற்றிய இன்னொரு துவக்கு, இடியன் என்னும் நாட்டுத் துவக்கு, அகப்பட்டிருந்தது. பொலிஸில் கொடுத்தால் கணவரின் வழக்கு மேலும் இறுகும். தம்மீதும் ஒன்று வரும். குளத்தில் எறிந்தால், கோடையில் நீர் வற்றியதும் யாரோ எடுத்துப் போவார்கள். அந்த வீட்டில் இப்போது அவரும் அந்தத் துவக்கும் மட்டுமே. வழக்கில்லாமல் ஒப்படைக்க ஒரு நாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் அவர் பேருந்தில் ஏறினார்.

கச்சேரிக்குப் போகுமுன் முல்லைத்தீவுக் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினர். அருட்தந்தை பிரதாபன் கதையோடு தொடங்கினார்.

"ஒரு காட்டில முயலுகளெல்லாம் சேர்ந்து ஊர் அமைச்சிச்சினமாம். முள்ளோடை ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு சட்டம். ஒருநாள் ஒரு முள்ளம்பன்றி வாசல்ல வந்து நிண்டுது. முயலுகள் என்ன சொல்லிச்சினம் தெரியுமோ? 'முள்ளைக் கழட்டிப்போட்டு வாங்கோ அண்ணை, கஞ்சி சூடா இருக்கு!'"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஞானமலர் எழுந்தார்.

"ஃபாதர், அது முள்ளை எங்கை கழட்டி வைக்கிறது?"

"என்ன பிள்ளை?"

"வாசலுக்கு வெளியில கழட்டினா நரி பிடிக்கும். கழட்டாட்டிக் கதவு திறவாது. துவக்குக் குடுக்கிறவைக்கு வழக்கில்லாமல் ஒரு நாள் கேளுங்கோ, ஃபாதர்."

சிரிப்பு நின்றது. சப்ராஸின் தமையன் மஸாஹிர் கதிரையைப் பின்னே தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நல்ல கதை! துவக்கைக் கொண்டந்து குடுக்கிறவனுக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்து அனுப்பச் சொல்லுறீங்களா, அக்கா?"

"ஆளைக் கொன்றவைக்கு இல்லைத் தம்பி. வைச்சிருக்கிறவைக்கு."

"இண்டைக்கு வைச்சிருக்கிறவன்தானே நாளைக்குக் கட்டுறான்!"

அருட்தந்தை இருவரையும் அமைதிப்படுத்தினார். மனு முன்னமே எழுதி ஒப்பமிடப்பட்டுவிட்டது. உள்ளே செல்பவர்கள் விரும்பினால் வாயால் கேட்கலாம் என்றார். அவரும் மஸாஹிரும் சப்ராஸின் மனைவி நபீஸாவும் உள்ளே செல்வதாக ஏற்பாடு. ஞானமலர் மற்றவர்களோடு வெளியில் நிற்க வேண்டும்.

கச்சேரி வாசலில் நபீஸா அவரிடம் வந்தார். ஒரே வேலிக்கு இரு பக்கமும் வாழ்ந்த அவ்விருவரும் அந்தச் சாவுக்குப் பின் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.

"ஞானமலரக்கா, உங்கட வீட்டில இன்னொண்டு கிடக்கா?"

"ஓம்."

"எங்க?"

"விறகுக் கொட்டில்ல."

"என்ட மகள் வேலிக்குள்ளால பூந்து கோழி பிடிக்கப் போறது அங்கதானே! அவள்ட வாப்பாவ எடுத்தது போதாதா?"

"அதுக்குத்தான் வந்தனான், நபீஸா."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"எந்த முகத்தோடை?"

நபீஸா உள்ளே போனார். வெயில் ஏறியது. பதாகை பிடித்தவர்கள் நிழல் தேடி வேம்பின்கீழ் ஒன்றாக நின்றார்கள். ஞானமலர் மதிலோரம் நின்றார்.

திரும்பி வந்த நபீஸா, சில அடி தள்ளி நின்றபடியே சொன்னார்.

"வாற ஞாயிறு துவக்குகள உங்கட கோயில் முற்றத்தில கொண்டு வந்து வைக்கலாமாம். பேர் கேக்கமாட்டாங்களாம், வழக்கும் இல்லையாம். எத்தினை வருதெண்டு பார்த்துத்தான் மற்ற ஊருகளுக்கும் நாள் வைப்பாங்களாம்."

"நீங்களோ கேட்டனீங்கள்?"

"என்ட மகளுக்காகக் கேட்டன். உங்களுக்காக இல்ல."

"ஓம்," என்றார் ஞானமலர். அதற்கு மேல் எதிர்பார்க்கும் உரிமை தமக்கில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஞாயிறு காலை, சாக்கில் சுற்றிய துவக்கைத் தோளில் சுமந்துகொண்டு அவர் கோயிலுக்கு நடந்தார். முற்றத்தில் ஒரு மேசை. அருகில் சீருடை அணியாத இரண்டு அதிகாரிகள். துவக்கை வைத்தார். பெயர் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பூசைக்கு வந்த ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நடந்த பக்கமெல்லாம் ஆட்கள் மெல்ல விலகி வழிவிட்டார்கள்.

பூசை முடிந்தது. ஆண்கள் சிலர் மேசையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். பிறகு சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மேசையில் ஒரேயொரு துவக்கு கிடந்தது.

"வேற ஆரும் வருவினமோ, அம்மா?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"தெரியாது, ஐயா."

"அப்ப நீங்கள் வீட்டை போங்கோ. உங்கட அலுவல் முடிஞ்சுதுதானே."

"முடிஞ்சுது. கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறன்."

கோயிற் படியில் அமர்ந்தார். முதலாவதாக அந்த முற்றத்தைக் கடப்பது எப்படியிருக்கும் என்பதை அவர் அன்று காலை அறிந்திருந்தார். இரண்டாவதாக ஒருவர் வந்தால் தாமும் கூட நடக்கலாம்; அந்த ஆள் தனியாகக் கடக்க வேண்டியிராது. நண்பகல்வரை யாரும் வரவில்லை. வெயில் படிக்கு ஏறியதும் சற்றே நகர்ந்து அமர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.