ஏழாவது இதழ்

மே பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்தில் கொடி பிடிப்பது தொள்ளாயிரம் பேர் உள்ள ஊரில் சின்ன விஷயமா? முப்பது வருஷம் காத்திருந்து தோர்டிஸுக்கு இந்த வருஷம்தான் முறை வந்தது. குளிர்காலம் முழுக்கக் கண் நோக உட்கார்ந்து தன் பூனாட்டைத் தானே தைத்தாள். ஊருக்கென்றே உள்ள அந்தக் கம்பளி உடுப்பில் ஒரு நூல் பிசகினாலும் கொடியைத் தொட முடியாது. அதைப் பார்த்துச் சொல்ல மரபுக் குழு என்று ஒன்று இருக்கிறது. குழு என்றால் குன்வோர்தான்.

குன்வோர் ஒரு வாரம் முன்னாலேயே ஸ்கேலும் கையுமாக வந்துவிட்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதற்காகச் சலுகை காட்டுகிற ஜென்மமா அது? கறுப்புக் கண்ணாடி போட்டதற்காகப் பாதிரியாரின் மனைவியையே போன வருஷம் வரிசையிலிருந்து வெளியே இழுத்தவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மார்புப் பக்கத்துப் பூவேலையைப் பார்த்தாள். வலப்பக்கப் பூவுக்கு ஐந்து இதழ், இடப்பக்கப் பூவுக்கு ஏழு. எண்ணிக்கை சரிதான்.

"ஏழாவது இதழ் நேரா நிக்குதே தோர்டிஸ்."

"நல்லாத்தானேடி இருக்கு?"

"நல்லா இருந்து என்ன பண்ண? அது தலை குனிஞ்சு நிக்கணும். மூல உடுப்பு மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில இருக்கு, போய்ப் பாரு. ஏழு பண்ணையில ஒண்ணு பனிச்சரிவுல போச்சு, அந்தத் துக்கம் அது. பிரிச்சுத் தை. இல்லன்னா கொடி வேற ஆளுக்கு."

தோர்டிஸுக்குச் சுருக்கென்றது. அந்தத் துக்கக் கதையை எழுதியதே குன்வோர்தான். ஊராட்சி அதை அச்சடித்து, அந்தப் பூவைத் தன் சின்னத்திலும் போட்டுக்கொண்டது. ஐம்பத்திரண்டு வருஷமாக வாயில் கொழுக்கட்டையோடு இருந்த தோர்டிஸால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"துக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தச் சட்டை எங்க பெரிய அத்தையோட பெட்டியில கிடந்தது. ஒன்பது வயசுல நான் பெட்டியைத் திறந்து போட்டுட்டு விளையாடப் போயிட்டேன், எலி பூந்து ஒரு பூவைத் தின்னுடுச்சு. அடி விழும்னு பயந்து அப்பாவோட காலுறை நூலை எடுத்து நானே பூப் போட்டேன். ஓட்டை பெரிசு, அஞ்சு இதழ் பத்தல, ஏழு போட்டேன். கடைசியில நூல் தீர்ந்துபோச்சு. இழுத்துப் பிடிச்சதுல வளைஞ்சுடுச்சு. அடுத்த வருஷமே மியூசியக்காரங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க."

குன்வோர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நூலக முகப்பில், பள்ளிக்கூடக் கதவில், ஊர் எல்லைப் பலகையில், இருநூறு பெண்களின் மார்பில் அந்த இதழ் தலை குனிந்து நிற்கிறது. தோர்டிஸுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. இனி கொடியை யார் தடுப்பது?

"நிஜமாவே நீ போட்டதா?"

"நான்தான்."

குன்வோர் அந்த நேர் இதழை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஸ்கேலைப் பைக்குள் வைத்தாள்.

"அப்போ உனக்கு மன்னிப்பே கிடையாதுடி. மத்தவளுங்க பாவம், பார்த்துப் பார்த்துத் தைக்கறாளுங்க. நீ உன் சொந்தக் கைவேலையையே தப்பாத் தைச்சு வச்சிருக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிச்சுத் தைச்சு எடுத்துட்டு வா."

தோர்டிஸ் கத்தரிக்கோலைத் தேடப் போனாள்.