நாலு மில்லிமீட்டர் நீர்க்காகம்

அந்த ஸ்டிக்கர் கடையில் எந்த மெஷின் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை, கடை திறந்த நாளிலிருந்து கடைக்காரர் ஒருவரிடம்தான் இருந்தது. வாங்கிய பிறகு அந்த மெஷினோடு மல்லுக்கட்டும் உரிமை முழுக்க அவர் மனைவிக்கு. இந்தப் பாகப்பிரிவினைக்கு அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கடைக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு மேசை விளக்கு வாங்குவதென்றாலும் வீடியோ வீடியோவாகப் பார்த்து, கண்ணில் பட்டவரையெல்லாம் விசாரித்து, சாப்பாட்டு நேரத்திலும் அதையே பேசி உயிரை எடுத்து, கடைசியில் இருப்பதிலேயே எது பெரிதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார். ‘ஆராய்ச்சி’ என்று அவருக்குப் பட்டம் சூட்டியது அவருடைய சொந்தத் தங்கை. கல்லாவில் உட்காருவதும் அவளே என்பதால், பட்டம் வாடிக்கையாளர்களிடமும் பரவிவிட்டது.

அப்படி ஓர் ஆராய்ச்சியில் வந்து சேர்ந்ததுதான் கடை நடுவில் நிற்கும் பெரிய கட்டிங் மெஷின். லாரி முதுகில் ஒட்டும் ஆளுயர எழுத்தைச் சரசரவென்று வெட்டித் தள்ளும். சின்ன எழுத்தைக் கொடுத்தால் கடித்துத் துப்பிவிடும். துப்பியதைப் பொறுக்கி, ஊசிமுனையால் நீவி, ஒவ்வொன்றாக ஒட்டுவது மனைவியின் வேலை. வேலை முடியும்போது கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது. “நல்லதுதான், கண்ட பக்கம் பார்க்க வேண்டாம்” என்பார் ஆராய்ச்சி. அவருக்கு அது நகைச்சுவை.

இந்த நிலையில்தான் கப்பல்காரர் வந்தார். கப்பல் என்றால் கடலில் ஓடுவது இல்லை. அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். மரத்தில் முழ நீளத்துக்குக் கப்பல் செய்து குளத்தில் விடுவது அவருக்கு இப்போது முழுநேர வேலை.

“கப்பலோட பின்பக்கத்துல ‘நீர்க்காகம்’னு பேர் வரணும். எழுத்து நாலு மில்லிமீட்டர் உயரம், ஒரு முடி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இது நல்லா வந்துச்சுன்னா, எங்க சங்கத்துல இருக்கற அத்தனை கப்பலுக்கும் இங்கதான் பேர் வெட்டுவோம்” என்றார். சனிக்கிழமை வெள்ளோட்டமாம்.

அவர் படி இறங்குவதற்குள் ஆராய்ச்சி செல்போனை நீட்டினார். “நான் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். இதைவிட அகலம். ஆஃபர்ல வருது.”

“நாலு மில்லிமீட்டருக்கு எதுக்குங்க நாலடி மெஷின்?”

“அமுக்கற பலம் ரெண்டு மடங்கும்மா!”

“எழுத்து வெட்டப் போறோமா, குஸ்தி போடப் போறோமா?”

கல்லாவிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். “அண்ணா, இந்த ஒரு தடவை அண்ணி போய்ப் பார்க்கட்டுமே. தப்பா வாங்கிட்டாங்கன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம்ல?”

அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. சரி என்றுவிட்டார்.

மெஷின் விற்கும் கடையில் விற்பனைக்காரர் அவளுக்கு ஒரு பட்டாம்பூச்சி வெட்டிக் காட்டினார். அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்சத்திரம். அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். “பூச்சி, நட்சத்திரமெல்லாம் அழகாத்தான் இருக்கு. எனக்கு இதை வெட்டுங்க.”

விலை கூடிய மெஷின் ‘நீ’யின் சுழியைக் கிழித்தது. நடுத்தர விலை மெஷினில் எழுத்து வந்தது, புள்ளிகள் எங்கோ பறந்தன. மூலையில் ரொட்டிப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. இருப்பதில் விலை குறைந்தது அதுதான். நூல் கோர்ப்பது போல நின்று நிதானித்து வெட்டியது. சுற்றியிருந்த ஸ்டிக்கரை அவள் உரித்து எடுத்தபோது நீர்க்காகம் மூன்று புள்ளிகளோடும் தாளில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“இது வீட்டுல பொழுதுபோக்குக்கு வாங்கறதும்மா” என்று இழுத்தார் விற்பனைக்காரர்.

“எங்க வீட்டுக்காரருக்கும் பொழுது போகணுமே” என்று சொல்லி அதையே கட்டித் தரச் சொன்னாள்.

பெட்டியைப் பிரித்ததும் ஆராய்ச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இது மெஷினா, மெஷின் போட்ட குட்டியா?” என்றார். அந்தக் கடையில் அவள் பார்த்து வாங்கியது என்று சொல்ல ஒரு துடைப்பம்கூட இல்லை. இது ஒன்றாவது நிலைத்து நிற்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை மெஷினை மேசையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வருவதற்குள், “ப்ளேடு மாட்டிட்டேன், நீ வெட்டு” என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றார் கணவர்.

வெட்டினாள். நீர்க்காகம் சுருண்டு வந்தது. வேகத்தைக் குறைத்து வெட்டினாள். பாதி எழுத்து ப்ளேடோடு இழுபட்டது. புள்ளி ஒன்றையும் காணோம். புது ஷீட் போட்டு வெட்டினாள். அதே கதைதான்.

ஆராய்ச்சி வாயைத் திறக்கவில்லை. ஒரு பழைய பாட்டை மட்டும் மூக்கால் பாடினார்.

“அண்ணா, வாயை மூடு” என்றாள் தங்கை.

“நான் ஒண்ணுமே சொல்லலையே!”

“அதைத்தான் சொல்றேன்.”

மனைவி மெஷினை நிறுத்தினாள். பெட்டியை எடுத்துத் தெர்மாகோலை உள்ளே வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் அவர் பாட்டு நின்றது. “சரி விடும்மா. கொடுத்துட்டு வேற வாங்கிக்கலாம். எனக்கு வராத நஷ்டமா?” என்றார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஆறுதல்தான் சுருக்கென்று தைத்தது.

வீணான ஷீட்டைக் கசக்கக் கையில் எடுத்தாள். எதிரே ஜன்னல். தாளின் நடுவே நீர்க்காகம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. இதென்ன கூத்து? ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடித்தாள் முழுசாக இருக்க வேண்டும். இங்கே அடித்தாளையும் சேர்த்து ஊடுருவி வெட்டியிருந்தது. பிடிக்கத் தாளே இல்லாதபோது எழுத்து சுருளாமல் என்ன செய்யும்?

ப்ளேடைக் கழற்றிப் பார்த்தாள். வெட்டாமல் விட்ட கால் நகம் போல நீட்டிக்கொண்டிருந்தது. விற்பனைக்காரர் வெட்டிக் காட்டிய மெஷினை அவள் தொட்டுப் பார்த்தபோது ப்ளேடு முனை கண்ணுக்கே தெரியவில்லை, விரலுக்குத்தான் லேசாகத் தட்டுப்பட்டது.

“ஏங்க, இதை இவ்வளவு வெளியே யார் இழுத்தது?”

“எப்பவும் வைக்கற அளவுதானே வெச்சேன்.”

“எந்த எப்பவும்?”

அவர் நடுவில் நின்ற பெரிய மெஷினைப் பார்த்தார். “லாரி ஷீட்டுக்கு வைக்கற அளவு…” என்று இழுத்தார்.

வேண்டுமென்றே செய்தாரோ என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பாவம், அதில் அப்படி எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. உதவி செய்ய வந்த முகம்தான். உதவிதான் எத்தனை ஷீட்டைத் தின்றிருக்கிறது! திட்டத்தான் வாயெடுத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. ப்ளேடை உள்ளே தள்ளி, ஒரு தூசி அளவுக்கு மட்டும் வெளியே விட்டு மாட்டினாள். நீர்க்காகம் கொஞ்சமும் அலுங்காமல் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த கப்பல்காரர், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஆராய்ந்தார். கடைசியில் நிமிர்ந்து, “ஒரு சொத்தை இல்ல” என்றார். திங்கட்கிழமை சங்கத்து ஆட்களோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆராய்ச்சி கடையைத் திறந்து, சின்ன மெஷினைத் துடைக்கப் போனார். ப்ளேடுக்கு மேலே மூடியில் கோடு விழுந்தது போல ஏதோ தெரிந்தது. கீறலோ என்று பதறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெஷின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார். கீறல் இல்லை, பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்:

‘குனிந்து படிப்பவர் முதலில் கையை எடுக்கவும்.’

சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். கல்லாவில் தங்கை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மனைவி திரும்பிப் பார்க்காமல் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். “இதுவும் நாலு மில்லிமீட்டரா?”

“மூணு.”

“புள்ளியெல்லாம் அப்படியே இருக்கே” என்றார் மெதுவாக. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அடுத்த மெஷின் வாங்கப் போறப்ப நீயும் கூட வந்துடு” என்றார்.

“நான் போறேன். நீங்க வேணும்னா கூட வாங்க.”

சரி என்று தலையாட்டினார். கட்டிய கையை இன்னும் பிரிக்கவில்லை.