காலியான கயிறு

கயிறு காலியாகிவிட்டால் படகை எடுக்கலாம். அந்தப் படகில் அதுதான் சட்டம். சட்டம் போட்டவள், படகை ஓட்டுகிறவள்.

துறையில் எல்லாரும் அவளைக் கேப்டன் என்றார்கள். முதலில் கிண்டலுக்குத்தான். கணவனுக்கு முதுகெலும்பில் வட்டு விலகியதும், டிக்கெட் ஜன்னலில் இருந்தவள் சுக்கானுக்கும், சுக்கானில் இருந்தவன் டிக்கெட் ஜன்னலுக்கும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரு கோடை முழுக்கப் படகில் கீறல் விழாமல் ஓட்டிக் காட்டிய பிறகு கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது.

கிண்டலை விடாதவள் ஒருத்திதான். கணவனின் அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொன்னதில்லை. குளிர்காலத்திலும் தம்பி பெண்டாட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆளில்லாத தீவுகளுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். தானே ஒரு தடவை போய்ப் பார்ப்பது, சரிப்படாது என்று தோன்றினால் படகை விற்றுவிடுவது என்று அக்காளும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். கேப்டனிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே அன்று படகில் நாத்தனாரும் இருந்தாள். கூடவே ஒரு புதுமணத் தம்பதி, பறவைப் பைத்தியம் பிடித்த ஒரு பல் டாக்டர், மூக்கு நுனி வரை மஃப்ளர் சுற்றிய ஒரு மனிதர். அவர் ஐஸ்கிரீம் கம்பெனி மேனேஜர் என்று தெரிந்ததும் புதுப் பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

கேப்டன் வழக்கம் போல விளக்கினாள். தீவில் இறங்கியதும் எல்லாரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பாறை ஏறினால் சொந்தக் கால் கண்ணுக்குத் தெரியாது. கரையில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது. அதற்கும் பக்கத்துப் பாறைக்கும் நடுவே கயிறு கட்டுவாள். ஆளுக்கொன்றாக அதில் மாட்டிவிட்டுச் சுற்றப் போகலாம். திரும்பி வந்ததும் அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கயிற்றில் ஒன்று தொங்கினால் ஒருவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ஆட்களை எண்ணினால் ஒருவர் குனிவார், ஒருவர் நகர்வார், ஒருவரையே இரண்டு தரம் எண்ணித் தொலைப்போம். தொங்குகிற சட்டை ஏமாற்றாது என்பது அவள் கட்சி.

"வாசல்ல கெடக்குற செருப்பப் பாத்து வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு சொல்ற மாதிரி," என்றாள் நாத்தனார். "செருப்ப நாய் தூக்கிட்டுப் போச்சுன்னா?"

"கடல்ல நாய் இல்ல அண்ணி."

படகே சிரித்தது. நாத்தனார் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் தீவை நெருங்கும்போது கேப்டன் அந்தக் கம்பத்தைக் காட்டினாள். தீவைச் சுற்றி முழுக்கத் தண்ணீருக்கு அடியில் பாறை. உள்ளே நுழைய ஒரே ஒரு சந்துதான். கம்பத்தை நேராக மூக்குக்கு எதிரே வைத்துக்கொண்டு வந்தால் சந்து கிடைக்கும். கொஞ்சம் விலகினாலும் படகின் அடிவயிறு கிழியும். புது மாப்பிள்ளை ஆவென்று கேட்டான். நாத்தனார் காது கேட்காதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

தீவில் இறங்கினார்கள். பறவைகள் பார்த்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. திரும்பி வரும்போது கயிறு காலி. கேப்டன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். தண்ணீர் முகத்தில் தெறிக்காமல் இருக்க எல்லாரும் முன்பக்கத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக் கேப்டன் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் முதலில் யார் பேசுவது என்ற சங்கடம் வேறு.

படகு இரண்டாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கயிறு கட்டினாள். ஒவ்வொருவராக மாட்டினார்கள். மேனேஜர் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு ஓவர்கோட் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உள்ளேயிருந்து இன்னொரு ஆரஞ்சுச் சட்டையை உருவி எடுத்தார்.

கேப்டன் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஏது?"

"அந்தத் தீவுல கயித்துல தொங்கிட்டு இருந்துச்சு," என்றார் மேனேஜர். "எக்ஸ்ட்ரான்னு நெனச்சேன். குளிருக்கு நல்ல கதகதப்பும்மா, ஸ்வெட்டர் தோத்துது."

அவள் தாவிப் படகில் ஏறிக் கூடாரத்தை விலக்கினாள். பெஞ்சின் மேல் நாத்தனாரின் பை இருந்தது. பைக்குள் அவள் போன் இருந்தது. பக்கத்தில் மூடி திறக்காத ஃப்ளாஸ்க். நாத்தனார் இல்லை.

அப்போதுதான் புதுப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போவதைப் பார்த்தாளாம். ஆம்பளைகள் நடுவே அதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். வந்திருப்பார்கள் என்று நினைத்தாளாம்.

"ஏறுங்க," என்றாள் கேப்டன். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஒயர்லெஸ்ஸில் துறையைக் கூப்பிட்டாள். கணவன்தான் எடுத்தான். ஒரு ஆளை முதல் தீவில் விட்டுவிட்டேன், மீட்புப் படகை அனுப்பு என்றாள். மீட்புப் படகு வடக்கே வேறு வேலையாகப் போயிருக்கிறது, வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும் என்றான். பிறகு, யாரை விட்டாய் என்று கேட்டான்.

அவள் சொன்னாள்.

 உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. நாளைக்குத் துறை முழுக்க என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாள் என்பார்கள். பேசட்டும், அந்த மனுஷி மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. முதலில் அடிவானம் போயிற்று. பிறகு அலை போயிற்று. கடைசியில் படகின் மூக்கே பால் துணி போர்த்தியதுபோல மங்கிவிட்டது. கடல் வேறு ஏறிக்கொண்டிருந்தது. காலையில் கயிறு கட்டிய மணல் திட்டு இந்நேரம் தண்ணீருக்குள் போக ஆரம்பித்திருக்கும். மேலே பாறையில் ஏறிக்கொண்டால் நனையாமல் நிற்கலாம். ஆனால் அங்கே கோட்டுக்குள் இருப்பவர்களையே நடுக்குகிற காற்று. நாத்தனார் உடம்பில் இருப்பது ஒரு ஸ்வெட்டர். இருட்டும் வரை தாங்குவாளா?

கேப்டனின் போனில் இருந்த வரைபடம் தீவு வரை கொண்டுவந்து விட்டது. பாறைகளை அது காட்டாது. கேப்டன் மோட்டாரை அணைத்தாள்.

"எல்லாரும் விசில் ஊதுங்க. ஊதிட்டு, மூச்சுக் காட்டாம கேளுங்க."

ஒவ்வொரு ஆரஞ்சுச் சட்டையிலும் ஒரு விசில் தொங்கும். ஊதினார்கள். பதில் இல்லை. மறுபடி ஊதினார்கள். மேனேஜர் முகம் வெளுத்துப்போய்த் தன் மடியில் கிடந்த இரண்டாவது சட்டையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் விசில் தொங்கியது. அந்த அம்மாவின் விசில்.

"நான் என்ன செய்யணும் சொல்லுங்கம்மா," என்றார். கொக்கிக் கம்பை அவர் கையில் கொடுத்து, முன்னால் படுத்துக்கொண்டு பாறை தட்டினால் தள்ளச் சொன்னாள். மனிதர் ஓவர்கோட்டோடு ஈரப் பலகையில் குப்புறப் படுத்தார்.

மூன்றாம் தடவை ஊதி அடங்கியபோது, பனிக்குள் எங்கேயோ சத்தம் கேட்டது.

டங்.

அலை எதன் மேலோ மோதுகிறது என்றான் மாப்பிள்ளை. கேப்டன் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

டங். டங். டங்.

இரும்பில் கல் மோதுகிற சத்தம். விட்டுவிட்டு, சீராக, ஒரே இடைவெளியில். அலைக்கு அவ்வளவு ஒழுங்கு வராது. காலம் காலமாகத் தண்டவாளத் துண்டில் அடித்துப் பழகின கைக்குத்தான் வரும்.

கம்பம்!

கேப்டன் மோட்டாரை முடுக்கி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தாள். கண்ணால் வைக்க வேண்டிய கம்பத்தைக் காதால் மூக்குக்கு எதிரே வைத்தாள். சத்தம் இடது காதில் தூக்கலாகக் கேட்டால் இடப்பக்கம் திருப்பு. வலது காதில் என்றால் வலப்பக்கம். மோட்டார் இரைச்சலில் அமுங்கினால் அணை, கேள், மறுபடி எடு. உள்ளங்கை சுக்கானில் ஒட்டிக்கொண்டது. அடியில் ஒரு தடவை கர்ரென்று உரசிற்று. மேனேஜர் முக்கித் தள்ளினார். படகு வழுக்கி விலகிற்று.

சத்தம் நின்றது.

கேப்டன் காத்திருந்தாள். பனி வெறும் பனியாக இருந்தது. மோட்டாரை அணைத்தால் அலை பாறையில் கொண்டுபோய்ச் சாத்திவிடும். அணைக்காவிட்டால் கேட்காது. அணைத்தாள்.

"அண்ணி!" என்று கத்தினாள். "அடிங்கண்ணி! நிறுத்தாதீங்க!"

எதுவும் வரவில்லை. புதுப் பெண் விசும்ப ஆரம்பித்தாள். படகு பக்கவாட்டில் ஒதுங்குவது கேப்டனின் பாதங்களுக்குத் தெரிந்தது.

டங்.

தளர்ந்துபோன சத்தம். ஆனால் கிட்டத்தில், நேர் எதிரே.

அடுத்த நிமிடம் பனிக்குள்ளிருந்து கம்பம் வெளிவந்தது. அதை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையில் கல்லோடு, முழங்காலுக்கு மேலே தண்ணீரில் நின்றிருந்தாள் நாத்தனார். அவளுக்குப் பின்னால், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஈரம் படாத உயரமான பாறை இருந்தது.

கேப்டன் அந்தப் பாறையைப் பார்த்தாள். ஏறி நின்றிருக்கலாம். ஏறியிருந்தால் கம்பம் கைக்கு எட்டாது.

மாப்பிள்ளையும் டாக்டரும் அவளைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். விரல்கள் கல்லை விட மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மேனேஜர் ஓவர்கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவருக்கு வாய் குழறிற்று. டாக்டர் அவள் காலைத் தேய்த்துவிட்டபடியே, தான் வெறும் பல் டாக்டர்தான், கரைக்குப் போனதும் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

"பல்லுதான் அடிச்சுக்குது," என்றாள் நாத்தனார். "அதையே பாருங்க."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கேப்டன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவள் வாயருகே பிடித்தாள். பாதி தேநீர் ஓவர்கோட்டில் சிந்தியது.

"மேல ஏறி நின்னிருக்கலாம்ல அண்ணி."

"நின்னா நீ எப்படி வருவ?" நாத்தனார் ஒரு வாய் குடித்தாள். "கம்பத்த மூக்குக்கு நேரா வச்சுத்தான் வரணும்னு காலைல நீதானே சொன்ன."

கேப்டன் ஒயர்லெஸ்ஸை எடுத்து, அக்கா ஏறிவிட்டாள் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் கணவன் எதையோ பிடித்துக்கொண்டு உட்காருகிற சத்தம் கேட்டது. நடந்ததைக் கரைக்கு வந்து தானே சொல்கிறேன் என்றாள்.

சுக்கானைப் பிடித்தாள். மோட்டாரில் கை வைத்தவள், முடுக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை கயிற்றை நம்பவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். டாக்டர் இருக்கிறேன் என்றார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே குரலில் சொன்னார்கள். மேனேஜர் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையையும் தூக்கினார்.

"அண்ணி?"

பதில் இல்லை. கூடாரத்துக்குள் இடம் இருந்தும் நாத்தனார் உள்ளே போயிருக்கவில்லை. சுக்கானை ஒட்டிக் கேப்டனின் கால் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நடுக்கம் கேப்டனின் முழங்காலில் தெரிந்தது. இருந்தும் கேப்டன் மோட்டாரை எடுக்கவில்லை.

"அண்ணி?"

"எடும்மா கேப்டன்," என்றாள் நாத்தனார். "இங்கதான் இருக்கேன்."