நாற்பது சஹன், நாற்பது பேர்

சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு வெள்ளவத்தையில் இருக்கும் தன் சாப்பாட்டுக் கடையிலிருந்து லுத்பியா, கொட்டாஞ்சேனையில் இருக்கும் அதன் சமையலறைக்குப் போன் எடுத்தது தட்டுகளைப் பற்றிக் கேட்கத்தான். சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. அது அங்கே சமைக்கும் நப்ரீஸ் நானாவின் கை. பத்து வருடமாக அவர் பிரியாணியில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

"நானா, சஹன் தட்டெல்லாம் கழுவி வேன்ல ஏத்தியாச்சா?"

"ஓ, ஏழும் ஏத்தியாச்சி."

"என்ன ஏழு?"

"ஏழு தட்டு. நாப்பது பேருக்கு ஏழு காணும்தானே. ஆறாறு பேரா இருந்தா கடைசித் தட்டுக்கு நாலு பேர் வரும். அந்த நாலு பேரும் காலை நீட்டிக்கிட்டு சாப்பிடட்டும்."

லுத்பியா கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். கவுண்டரில் இருக்கும் கம்பியூட்டர் அச்சடித்துத் தந்த துண்டு அது. 'தாஸிம் ஹாஜியார் வீட்டு நிக்காஹ். சனி பகல் ஒரு மணி. சிக்கன் பிரியாணி, வட்டலப்பம். நாற்பது சஹன்.'

சஹனில் இருந்து சாப்பிட்டிராதவர்களுக்காக ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சி வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். அந்த ஒரு தட்டுத்தான் ஒரு சஹன். நாற்பது சஹன் என்றால் இருநூற்று நாற்பது வயிறு.

"நானா, நாப்பது பேரில்ல! நாப்பது சஹன்! எரநூத்தி நாப்பது பேர்!"

மறுபக்கத்தில் டெக்கு என்கிற பெரிய சமையல் பானையின் மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"ஓர்டர் வாற டெப் திரையில நாப்பது பேர் எண்டுதான் ஈக்கி. கொரோனாவுக்குப் பொறகு எல்லாரும் சின்னதாத்தானே செய்யிற எண்டு நான் நெனச்ச."

லுத்பியா துண்டை இன்னொரு முறை வாசித்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் கலியாண ஓர்டர் இது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. மணமகள் பர்ஹா பம்பலப்பிட்டியில் வேலை செய்கிற பிள்ளை. இரண்டு வருடமாகப் பகல் சாப்பாட்டுப் பார்சல் லுத்பியாவிடம்தான். பேர்போன சமையல்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு, "லுத்பியா தாத்தாதான் சமைக்கோணும்" என்று (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) வாப்பா தாஸிம் ஹாஜியாரோடு சண்டை பிடித்து வாங்கித் தந்த ஓர்டர். இன்றைக்குச் சபையில் சோறு முடிந்தால், முதல் ஏச்சு அந்தப் பிள்ளைக்குத்தான் விழும்.

லுத்பியா போன் எடுத்ததும், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த மேனகா ஈரத் தலையில் துவாய் கட்டியபடியே லெப்டொப்போடு ஓடி வந்தாள். ஓர்டர் எடுக்கிற மென்பொருளை லுத்பியாவுக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வந்ததும் ஒன்றும் கேட்காமல் கவுண்டர்த் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே சின்ன எழுத்தில் 'வேர்ஷன் 3' என்று இருந்தது.

"அக்கா, நீங்கள் இதை அப்டேட் செய்யேல்லையா? புதன்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில எல்லாரும் செய்தாச்சோ எண்டு கேட்டனான். நீங்கள் பெருவிரல் போட்டனீங்கள்!"

"நீ என்ன போட்டாலும் நான் பெருவிரல் போடுற. உன்ட பூனை காணாமப் போன அண்டைக்கும் போட்டதுதானே."

"ஏன் செய்யேல்லை?"

"ரீஸ்டார்ட் கேக்குது தங்கச்சி. போன முறை ரீஸ்டார்ட் செஞ்சதுக்கு பிரிண்டர் ரெண்டு நாள் கோவிச்சிக்கிட்டு ஈந்த. கலியாணம் முடியட்டும் எண்டு வெச்ச."

நடந்தது மேனகாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பழைய வேர்ஷன் சஹனில் எண்ணியது. அலுவலகப் பார்சல்கள் கூடிய பிறகு எல்லாவற்றையும் தலைக் கணக்கில் எண்ணினால் சுகம் என்று புதிய வேர்ஷனை எழுதினாள். புதன்கிழமை பின்னேரம் சேர்வரை மாற்றினாள். கொட்டாஞ்சேனையில் இருந்த டெப்பும் மாறியது. ஆட்கள் போனில் வைத்திருக்கும் செயலியும் மாறியது. கவுண்டர் மட்டும் மாறவில்லை. அது தனக்குத் தெரிந்தபடி 'நாற்பது' என்று அனுப்பியது. சேர்வர் தனக்குத் தெரிந்தபடி 'நாற்பது பேர்' என்று வாங்கி வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லவில்லை. பிழை என்று சிவப்பாக ஒரு வரி வந்திருந்தால் புதன்கிழமையே பிடித்திருக்கலாம். இது அமைதியாக, மரியாதையாக நடந்த பிழை.

"பழையதையே திருப்பிப் போட்டிடு தங்கச்சி. அது நல்லாத்தானே ஈந்த."

"போட ஏலாது அக்கா. போனிலயிருந்து வந்த ஓர்டரெல்லாம் புதுசில வந்தது. பம்பலப்பிட்டி வங்கிக்காரர் முப்பது பார்சல் கேட்டிருக்கினம். பழையதைப் போட்டால் அது முப்பது சஹனாகிவிடும். வங்கி வாசலில நூற்றி எண்பது பேருக்குச் சோத்தைக் கொண்டுபோய் இறக்குவியளோ?"

அந்தக் கோலத்தை நினைத்து, அவ்வளவு பதற்றத்திலும் லுத்பியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நீ உன்ட வேலையைப் பாரு. நான் என்ட வேலையைப் பாக்குற," என்று போனை எடுத்தாள்.

கொட்டாஞ்சேனையில் நப்ரீஸ் நானா அதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார். கோழிக்கடைக்கு ஆள் போய்விட்டது. வாடகைக்கு இரண்டு டெக்கும், மிச்ச முப்பத்துமூன்று சஹன் தட்டும் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு யூஜினா மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, யுத்தமா?" என்று கேட்டாள்.

"யுத்தந்தான். பத்துக் கிலோ வெங்காயம் ஈக்கி. கத்தியும் இங்க ஈக்கி. நீங்க கையை மட்டும் கொண்டு வாங்க."

யூஜினா கையோடு தன் இரண்டு மகள்மாரையும் கொண்டு வந்தாள்.

வெள்ளவத்தையில் மேனகா கவுண்டர் மேசையின் ஓரத்தில் இருந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓர்டரும் போகும்போது, தான் எந்த வேர்ஷன் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டுதான் போகிறது. முதல் நாளே அதை அப்படி எழுதிவைத்தவளும் அவள்தான். ஆனால் சேர்வர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி அவள் எழுதவே இல்லை. இப்போது எழுதினாள். மூன்று என்று சொல்லி வருகிறவனின் எண்ணை ஆறால் பெருக்கு. நான்கு என்று வருகிறவனை அப்படியே விடு. மூன்றுக்குத் திருப்பிச் சொல்லும்போது ஆறால் வகுத்துச் சொல், மிச்சம் வந்தால் ஒரு தட்டுக் கூட்டிச் சொல்.

"அக்கா, சும்மா ரெண்டு சஹன் ஒண்டு போடுங்கோ, பாப்பம்."

லுத்பியா போட்டாள். அரை நிமிடத்தில் நப்ரீஸ் நானாவின் போன் வந்தது.

"ஆரு இந்தப் பன்னெண்டு பேர்? ஈக்கிற கரைச்சல் காணாதா உங்களுக்கு?"

"சரியா வந்திட்டுது!" என்று மேனகா மேசையில் அடித்தாள். துவாய் அவிழ்ந்து விழுந்தது.

பிறகு புதன்கிழமைக்குப் பின் கவுண்டரிலிருந்து போன ஐந்து ஓர்டரையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். தாஸிம் ஹாஜியாரின் நாற்பது, கொட்டாஞ்சேனை டெப்பில் இருநூற்று நாற்பதாக மாறியது. "வாசிக்கவே வேர்க்குது," என்றார் நப்ரீஸ் நானா.

ஆனால் எண்ணைத் திருத்தியதும் வேறொன்று வெளியே வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற இனிப்பு, வட்டலப்பம். விடியவே அவித்து, ஆற வைத்து, குளிரவும் வைத்தாயிற்று. கப்புக் கணக்கில். நாற்பது கப்பு.

"இப்ப அவிச்சா ஆறாது," என்றார் நானா. "சுடச்சுடக் கொடுத்தா கூழ் எண்டு சொல்லுவாங்க. என்ட கையால நான் அதைச் செய்ய மாட்டன்."

லுத்பியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சின்னக் கரண்டி எத்தனை ஈக்கி, நானா?"

"முந்நூறு ஈக்கும். ஏன்?"

"சஹனுக்கு ஒரு கப்பு. கப்புக்கு ஆறு கரண்டி. நாப்பது சஹன், நாப்பது கப்பு."

மேனகா தலையை நிமிர்த்தி, "ஆறு பேர் ஒரு கப்பிலயோ?" என்றாள்.

"ஒரு தட்டுல சோறு தின்னுறவங்க ஒரு கப்புல வட்டலப்பம் தின்ன மாட்டாங்களா?" என்றாள் லுத்பியா. சொன்ன அளவுக்கு அவளுக்கே துணிவு இருக்கவில்லை.

வேன் மண்டபத்துக்கு வந்தபோது ஒன்றேகால். நல்ல காலம், நிக்காஹ் ஓதி முடியவும் அந்த நேரமாயிற்று. சோறு குறையவில்லை. சூடும் குறையவில்லை. கோழி கேட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் கிடைத்தது. கடைசியில் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒற்றைக் கப்பு வட்டலப்பமும், சுற்றி ஆறு கரண்டியும் வந்து இறங்கின. லுத்பியா மேனகாவோடு கதவோரத்தில் நின்று பார்த்தாள். தட்டைச் சுற்றி இருந்தவர்கள் கரண்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு எங்கோ ஒரு சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு எல்லாத் தட்டிலும் சத்தம்.

தாஸிம் ஹாஜியார் கை கழுவிக்கொண்டு நேரே அவளிடம் வந்தார்.

"லுத்பியா, இது என்ன? ஆறு பேருக்கு ஒரு வட்டலப்பமா?"

புது நாகரிகம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"என்ட பக்கம் பிழை, ஹாஜியார். சோத்துக் கணக்கைப் பிடிச்சிட்டம், இதைப் பிடிக்க ஏலாமப் போயிட்டு. என்னை ஏசுங்க. பர்ஹாவ மட்டும் ஏச வேணாம்."

ஹாஜியார் தாடியைத் துடைத்தார்.

"என்ட தட்டுல மாப்பிள்ளையிட வாப்பா இருந்தாரு. மண்டபம் ஆரு எடுக்குற, ஆள் எத்தனை கூப்பிடுற எண்டு ஆறு மாசமா சண்டை. ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசினதில்ல. இப்ப கடைசிக் கரண்டி வட்டலப்பத்துக்கு அவர் 'நீங்க எடுங்க' எண்டாரு. நான் 'இல்ல, நீங்க எடுங்க' எண்டன். அவர் திரும்பவும் நீங்க எண்டாரு."

"பொறகு?"

"பொறகு என்ன, நான் எடுத்திட்ட. மனிசன் சிரிச்சிட்டாரு." ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை வலீமா விருந்து, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு. முப்பது சஹன். ஆனா வட்டலப்பம் ஆளுக்கொண்டு வேணுமாம். அந்தக் கடைசிக் கரண்டியை அவர் இன்னும் மறக்கல்ல."

லுத்பியா மேனகாவைத் திரும்பிப் பார்த்தாள். மேனகா ஏற்கெனவே போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"முப்பது சஹன், நூற்றி எண்பது பேர் எண்டு ரெண்டையும் எழுதுறன் அக்கா. வட்டலப்பத்துக்கு என்ன எழுதுறது?"

"நூத்தி எண்பத்தொண்டு எண்டு எழுது," என்றாள் லுத்பியா. "அந்த மனிசனுக்கு ரெண்டு கொடுப்பம்."